தேதி இல்லாத காபி

1

இந்த ஜூன் மாதத்தோடு நாங்கள் ஒஹாயோவுக்கு வந்து பத்து வருடம் முடிந்தது. 1996இல் என் மனைவி கோமதிக்கு இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. நானும் ஒன்பது வயது மகள் இசக்கியும் அவளுடைய விசாவில் ஒட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். பத்தாவது வருடம் ஆகிறதே, ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று கோவில்பட்டியிலிருந்து நண்பர்கள் கேட்டார்கள். இங்குள்ள சாலைகள், பனி, நூலகங்கள் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதற்குள் ஒரு காபிப் பை வீட்டுக்குள் வந்துவிட்டது. ஒரு வாரம் வேறு எதைப் பற்றியும் யோசிக்க முடியவில்லை. ஆகவே இது அந்தக் காபியைப் பற்றியது.

பையைக் கொண்டுவந்தது இசக்கி. அவளுக்கு இப்போது பத்தொன்பது வயது. நாலு தெரு கூடும் இடமெல்லாம் கடை வைத்திருக்கும் ஒரு பெரிய காபி நிறுவனத்தில் பகுதிநேர வேலை பார்க்கிறாள். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. என் செலவில் அவர்களுக்கு எதற்கு விளம்பரம்? சட்டையில் அவள் குத்திக்கொள்ளும் பெயர்ப்பட்டையில் 'இஸ்ஸி' என்று இருக்கிறது. எங்கள் குலதெய்வத்தின் பெயர் நாலு எழுத்து. அதைச் சொல்லக்கூட இந்த ஊர்க்காரர்களுக்கு நேரமில்லை.

பை பழுப்புக் காகிதத்தில் செய்தது போலத் தெரியும். கையில் எடுத்து நசுக்கினால் உள்ளே பளபளவென்று பிளாஸ்டிக் தாள் சரசரக்கிறது. காகிதம் வேஷம்தான். முன்பக்கம் தொப்பி போட்ட ஒரு விவசாயியின் படம். சிரிக்கிறார். நான் பிறந்து வளர்ந்த பக்கத்தில் விளைச்சலைப் பார்த்து இப்படிப் பல் தெரியச் சிரித்த விவசாயி எவரையும் நான் பார்த்ததில்லை. அவர் தலைக்கு மேலே பச்சை நிறத்தில் 'ஆர்கானிக்' முத்திரை. கீழே பொடி எழுத்தில் ஒரு பத்தி: கோகோவின் ஆழம், எலுமிச்சைத் தோலின் குறும்பு, ஈர மண்ணின் நினைவு.

நான் இங்கே ஒரு மருந்துக் கிடங்கில் காலாவதித் தேதி சரிபார்க்கிற வேலையில் இருக்கிறேன். எந்தப் பெட்டியைக் கொடுத்தாலும் என் கை தானாக அதைத் திருப்பிவிடும். இதையும் திருப்பினேன். எந்தத் தேதிக்குள் குடித்து முடிக்க வேண்டும் என்று அடியில் அச்சடித்திருந்தது. எந்தத் தேதியில் வறுத்தார்கள் என்பது எங்கும் இல்லை. மேலே, கீழே, மடிப்புக்குள், எங்கும் இல்லை. சாகும் நாளைச் சொல்கிறார்கள். பிறந்த நாளைச் சொல்ல மாட்டார்கள். வறுத்த காபிக்கொட்டை வாரக் கணக்கில் மணம் இழக்கும் பண்டம். இதை மறைப்பவன் எதை மறைக்க மாட்டான்?

"என்னத்தப்பா தேடுதீங்க?" என்றாள் இசக்கி.

"இது எப்பப் பொறந்ததுன்னு பாக்கேன்."

"ஆரம்பிச்சாச்சா," என்று அடுப்படியிலிருந்து கோமதியின் குரல் வந்தது.

இசக்கி சும்மா கொண்டுவரவில்லை. கடையில் அவளை ஷிப்ட் லீடர் ஆக்குவதாகப் பேச்சு. ஆனால் அதற்கு முன்பு அவள் வீட்டில் ஒரு காபிச் சுவை பார்க்கும் நிகழ்ச்சி நடத்திக் காட்ட வேண்டுமாம். மேனேஜர் லிண்டா நேரில் வந்து கவனிப்பார். குடிக்கிறவர்களின் வாயிலிருந்து அந்தக் காபியைப் பற்றி விவரமாகப் பேச்சை வரவழைக்க வேண்டும். அதுதான் பரீட்சை. தேறினால் கூடுதல் மணிநேரம் வேலை உண்டு, கல்லூரிக் கட்டணத்திலும் ஒரு பங்கை நிறுவனம் தரும். எங்களோடு இருந்துகொண்டே இந்த ஊரிலேயே படிப்பாள். தேறாவிட்டால் ஆகஸ்டில் சிகாகோவுக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு தோழி அறையில் இடம் வைத்திருக்கிறாள். இதை இசக்கி எங்களிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். கோமதி அன்று இரண்டு முறை குழம்புக்கு உப்புப் போட்டாள்.

2

லிண்டா வருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை ஒத்திகை நடந்தது. சாப்பாட்டு மேசையில் மூன்று வெள்ளைக் கோப்பைகள். கண்ணாடிக் குடுவையில் காபித் தூளையும் வெந்நீரையும் போட்டு, மேலிருந்து ஒரு கம்பிவலையை அமுக்கி, கறுப்பு நீரை ஊற்றினாள் இசக்கி. பால் கிடையாது, இனிப்புக் கிடையாது.

"மொதல்ல மூக்கை கப்புக்குள்ள விட்டு மோந்து பாக்கணும்."

"ஏட்டி, மோந்து பாத்துட்டுக் குடிக்க இது என்ன, நேத்து வச்ச மீன் கொழம்பா?" என்றாள் கோமதி.

"அம்மா, அதான் ஃபர்ஸ்ட் ஸ்டெப். அப்புறம் சத்தமா உறிஞ்சணும்."

"சின்னப் பிள்ளையில நீ உறிஞ்சுனப்போ ஒன் வாயில அடிச்சிருக்கேன். இப்ப அதுக்குச் சம்பளம் குடுக்காவளா?"

நான் கோப்பையைத் தூக்கி அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொண்டேன். உதடு படாமல் குடித்தே பழக்கம். பத்து வருடமாகியும் கோப்பையின் விளிம்பை வாயில் வைக்க எனக்குக் கூசும்.

"அப்பா, அண்ணாந்து ஊத்துனா நாக்குல படாம தொண்டைக்குப் போயிரும்."

"இந்தக் காபிக்கு அதுதான் நல்லது."

அவள் விடவில்லை. மறுபடி ஊற்றினாள். இந்த முறை முறைப்படி மோந்தேன், உறிஞ்சினேன், நாக்கில் உருட்டினேன். காபியைப் பற்றி எங்கள் கிளை நூலகத்தில் இருக்கும் புத்தகங்களை எல்லாம் அந்த வாரமே படித்து முடித்திருந்தேன். படிக்காமல் திட்டுவது எனக்குப் பிடிக்காது. என் தீர்ப்பை இசக்கியிடம் சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்.

கொட்டையின் மேல் எண்ணெய் கசிந்து மினுங்குகிறது. அளவுக்கு மீறிக் கருக்கியிருக்கிறார்கள். நல்ல கொட்டையை யாரும் இப்படிக் கருக்க மாட்டார்கள். பல நாட்டுக் கொட்டைகளை ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டு, ஒன்றின் குறை இன்னொன்றுக்குத் தெரியாதபடி எல்லாவற்றையும் ஒரே கரியாக்கிவிட்டார்கள். வாயில் வைத்ததும் வருவது கோகோ இல்லை, எலுமிச்சையும் இல்லை. தீக்குச்சியை ஊதி அணைத்ததும் ஒரு வாடை வருமே, அது. தீப்பெட்டி ஆபீஸ் இருந்த தெருவில் வளர்ந்த கோமதிக்கு நான் சொல்லி முடிக்கும் முன்பே புரிந்துவிட்டது.

"ஆமா. குச்சி அணைஞ்ச வாடைதான்," என்றாள். "நான் அடுப்புல ஏதோ தீயுதுன்னுல்லா நெனச்சேன்."

விழுங்கிய பிறகு நாக்கின் அடியில் ஒரு கசப்பு நிற்கிறது. வாடகை தராமல் உட்கார்ந்துகொண்டு, கிளம்பச் சொன்னால் சட்டம் பேசும் குடித்தனக்காரர் போல.

"ஈர மண்ணுன்னு போட்டிருக்கே, அது தெரியுதா?" என்றாள் இசக்கி.

"எந்த மண்ணு?"

"மண்ணுதான்."

"செம்மண்ணா, கரிசலா, தேரி மணலா? வெறுமனே மண்ணுன்னு எழுதுனவன் எந்த மண்ணுலயும் நின்னது கெடையாது. கரிசல்ல மழை பேஞ்சா வாசம் வாரதுக்கு முன்னால செருப்பு போயிரும். அதை எழுதச் சொல்லு."

இசக்கி சிரித்தாள். அவள் என் பேச்சுக்குச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. "இதத்தான்ப்பா லிண்டாகிட்டயும் சொல்லணும். இப்படியே. பிடிச்சிருக்கா இல்லையாங்கிறது மேட்டரே இல்ல. சும்மா நல்லாருக்குன்னு மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் அவுட்."

"நல்லாருக்குன்னா? நானா?" என்றேன்.

3

ஆர்கானிக் என்ற சொல்லோடு எனக்குத் தனிப் பகை உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பம் பசுவந்தனைப் பக்கம் ஆடு மேய்த்த குடும்பம். அறுவடை முடிந்ததும் மானாவாரிக் காடுகளில் கிடை போடுவோம். ராத்திரி முழுக்க ஆடுகள் அந்த நிலத்தில் அடைந்து கிடக்கும், புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு, தானியம் எங்களுக்கு. கம்பும் சோளமும் பருத்தியும் அந்த உரத்தில்தான் விளைந்தன. எந்த அதிகாரியும் வந்து எங்கள் ஆடுகளின் பின்னால் நின்று முத்திரை குத்தவில்லை. அது கொள்கையும் அல்ல. மழை வருமா என்று தெரியாத நிலத்தில் கடன் வாங்கி உரம் போட யாருக்கும் தைரியம் இல்லை, அவ்வளவுதான். பிறகு பருத்திக்கு மருந்து வந்தது. என் அண்ணன் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தான். மருந்து வாங்க வழியில்லாதவன் அடிக்கவில்லை. அந்த வழியில்லாதவனின் வெள்ளாமையைத்தான் இன்று பச்சை முத்திரை போட்டு, அதிக விலை வைத்து, சிரிக்கும் தொப்பிக்காரர் படத்தோடு என் மேசைக்கு அனுப்புகிறார்கள். விளைவித்தவருக்கு அந்தச் சிரிப்பில் பங்கு உண்டா என்று பையில் எழுதவில்லை.

மண்ணோடு இந்த தேசத்துக்கு இருக்கும் உறவையும் நான் முதல் நாளே பார்த்துவிட்டேன். 1996இல் விமான நிலையத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பண்ணைக்குப் போனீர்களா, கால்நடையைத் தொட்டீர்களா, மண் கொண்டுவருகிறீர்களா என்று கேள்விகள். கால்நடையைத் தொட்டீர்களா என்று என்னைக் கேட்டால் என்ன சொல்வது? ஆம் என்று எழுதிவிட்டேன். உடனே பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே செய்தித்தாளில் சுற்றிய கருப்பட்டி. அதிகாரி கையுறை போட்ட விரலால் அதைத் தட்டிப் பார்த்து, "இது மண்ணா?" என்றார். "சர்க்கரை," என்றேன். "சர்க்கரை வெள்ளையாக இருக்கும்," என்றார். உடைத்தார், மோந்தார், இன்னொருவரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார், குப்பையில் போட்டார். அன்று கருப்பட்டியை மண் என்று தூக்கியெறிந்தவர்கள்தான் இன்று கரிந்த கொட்டையில் ஈர மண்ணின் நினைவைத் தேடச் சொல்கிறார்கள்.

தேதி விஷயத்தில் இவர்களோடு என் சண்டை அந்த வருடமே தொடங்கியது. இசக்கி பிறந்தது நவம்பர் நாலு. நான் நாளை முதலில் வைத்து 4/11 என்று எழுதினேன். இவர்கள் மாதத்தை முதலில் படிப்பவர்கள். பள்ளிக்கூடத்தில் அவள் ஏப்ரல் பதினொன்றில் பிறந்தவள் ஆகிவிட்டாள். திருத்த இரண்டு வருடம் ஆனது. அதற்குள் ஏப்ரலில் அவளுக்கு வகுப்பில் இரண்டு முறை கேக் வெட்டிவிட்டார்கள். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து நான் மாதத்தை எண்ணில் எழுதுவதே இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, அடுத்து ஊர்க் காபியைப் புகழப் போகிறேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் பக்கத்துக் காபி மகா மோசம். பாதி சிக்கரி. மீதிப் பாதியில் என்ன என்று கடைக்காரருக்கே தெரியாது. சுக்குக் காபி, மல்லிக் காபி என்று காபியே இல்லாததற்கும் காபி என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள். கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதை மறைக்கத்தான் கருப்பட்டி. கருப்பட்டியின் புகை வாடையை மறைக்க இன்னும் கொஞ்சம் சிக்கரி. ஆனால் அந்தக் காபி தன்னைப் பற்றி நாலு வரி எழுதிக்கொண்டு வரவில்லை. மோசமான காபி மோசமான காபியாகவே வந்து நின்றது.

4

அப்படி ஒரு காபியை நான் மறக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை. குளத்தூர்ப் பக்கம் கிடை பேசுவதற்காக அப்பா போனார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் கூடப் போனேன். உப்பளம் தொட்டடுத்த ஊர். கிணற்றில் வாளியை விட்டால் உப்பைத்தான் இறைக்க முடியும். நல்ல தண்ணீருக்கு ஊருணி வரை நடக்க வேண்டும். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்கார அம்மா தலையில் ஒரு குடமும் இடுப்பில் ஒரு குடமுமாக வந்தார். இறக்கி வைத்து மூச்சு வாங்கவில்லை. தலைக்குடத்திலிருந்து மொண்டு எங்களுக்குக் காபி வைத்தார்.

அந்தக் காபியில் தூள் பூசணம் பூத்திருந்தது. கருப்பட்டியில் மண்ணெண்ணெய் வாடை. நான் ஒரு மடக்கோடு முகத்தைச் சுளித்தேன். அப்பா அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்து முடித்து, லோட்டாவைக் கவிழ்த்து வைத்து, "நல்லாருக்கு தாயி," என்றார். அந்தம்மா முகம் மலர்ந்துபோய் இன்னொரு லோட்டா ஊற்றினார். அதையும் குடித்தார்.

ஊர் எல்லை தாண்டியதும் அப்பா ஓரமாகப் போய்த் துப்பினார். "வேப்பெண்ணெ தேவலை," என்றார். அடுத்த வருடமும் அதே வீட்டுக்குப் போனார், குடித்தார், நல்லாருக்கு என்றார், எல்லை தாண்டித் துப்பினார்.

எங்கள் காட்டில் யாரும் யார் வீட்டுக் காபியையும் குறை சொல்லிக் கேட்டதில்லை. காபி எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும். அதில் இருக்கும் தண்ணீரை ஒருத்தி சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். கோமதியிடம் கல்யாணமான புதிதில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். இசக்கியும் கேட்டிருக்கிறாள். கோமதியும் தண்ணீர் சுமந்தவள்தான். கோவில்பட்டியில் குழாய் இருந்தது, தண்ணீர்தான் வராது.

5

லிண்டா சனிக்கிழமை பிற்பகல் வந்தார். ஐம்பது வயது இருக்கும். நரைத்த கூந்தலைப் பின்னால் கட்டி, பெரிய கண்ணாடி போட்டிருந்தார். நான் தயாராக இருந்தேன். பையின் அடியில் தேதி இருந்த இடத்தைக்கூட எளிதில் காட்டுவதற்காக மடித்து வைத்திருந்தேன். எண்ணெய் மினுக்கத்தில் தொடங்கி முத்திரையில் முடிப்பதாகத் திட்டம். ஆங்கிலத்தில் இரண்டு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தும் விட்டேன்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி. அந்த வாரம் லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தபோது லிண்டா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முகம் சிவந்திருந்தது. இரண்டு கையிலும் இரண்டு பெரிய பிளாஸ்டிக் கேன்.

"தண்ணீர்," என்றார் ஆங்கிலத்தில். "உங்கள் வீட்டுக் குழாயில் ஒரு குறையும் இல்லை. வடிகட்டிய தண்ணீரில் செய்வது எங்கள் கடை வழக்கம், அதனால் காரில் கொண்டுவந்தேன். படிகள் இத்தனை இருக்கும் என்று இஸ்ஸி சொல்லவில்லை."

கோமதி ஓடிப்போய் ஒரு கேனை வாங்கினாள். என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, தண்ணிய சுமந்துட்டு வந்திருக்காவ பாருங்க."

பார்த்தேன். மடித்து வைத்திருந்த பையை மேசையின் மூலைக்குத் தள்ளினேன்.

இசக்கி நிகழ்ச்சியை நன்றாகத்தான் தொடங்கினாள். விரிப்பு விரித்து, கோப்பைகளை வரிசையாக வைத்து, கூட வைத்துச் சாப்பிட கோமதி எடுத்துக் கொடுத்த கடலை மிட்டாயை உடைத்துத் தட்டில் பரப்பி, அழகான ஆங்கிலத்தில் பேசினாள். ஆனால் காபியை ஊற்றியது லிண்டா. தன் கையால் என் கோப்பையில் ஊற்றி, இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"அப்பா, என்ன வாசனை வருகிறது?" என்று இசக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்.

"குட்," என்றேன்.

"நாக்கில் எந்த இடத்தில் தெரிகிறது?"

"எல்லா இடத்திலும். குட்."

அண்ணாந்து முழுவதையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தேன். சுவை பார்ப்பவர்கள் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு மீதியை வைத்துவிடுவார்களாம். கோப்பையைக் காலி செய்தவனை லிண்டா இதற்கு முன் பார்த்திருக்க மாட்டார். மகிழ்ந்துபோய் மறுபடி ஊற்றினார். அதையும் குடித்தேன். தீக்குச்சி வாடை மூக்கு வரை ஏறியது.

"எப்படி இருக்கிறது?" என்று லிண்டாவே கேட்டார்.

"வெரி குட்," என்றேன்.

"வெரி நைஸ்," என்றாள் கோமதி. அவளும் கோப்பையைக் காலி செய்திருந்தாள்.

இசக்கி என்னைப் பார்த்தாள். ஏப்ரலில் பிறந்தநாள் இல்லை என்று நான் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்ட அன்று பார்த்தாளே, அதே பார்வை. பிறகு தமிழில், மெல்லிய குரலில் கேட்டாள்.

"ஏன்ப்பா, எங்கிட்ட மட்டும்தான் வாய் வருமா ஒங்களுக்கு?"

லிண்டா கையில் இருந்த தாளில் ஏதோ எழுதத் தொடங்கினார். ஆகஸ்டும் சிகாகோவும் என் கண் முன்னால் வந்து நின்றன. வாயைத் திறந்தேன். "ரியலி குட்," என்றுதான் வந்தது.

அப்போது இசக்கி நேராக உட்கார்ந்தாள். "லிண்டா, என் அப்பா பொய் சொல்கிறார்," என்றாள்.

கோமதி பதறி அவள் கையைப் பிடித்தாள். இசக்கி நிறுத்தவில்லை.

"நீங்கள் தண்ணீர் சுமந்து வந்துவிட்டீர்கள். தண்ணீர் சுமந்து வந்தவரின் காபியை இவர்கள் குறை சொல்ல மாட்டார்கள். இனி நீங்கள் எத்தனை கோப்பை ஊற்றினாலும் இவர் குடித்துக்கொண்டே இருப்பார். உண்மையில் என்ன நினைக்கிறார் என்று நான் சொல்கிறேன்."

சொன்னாள். எண்ணெய் மினுக்கத்தைச் சொன்னாள். ஒன்றின் குறை இன்னொன்றுக்குத் தெரியாமல் கரியாக்கியதைச் சொன்னாள். தீக்குச்சியைச் சொல்லி, அது ஏன் தீக்குச்சி என்று கோமதி வளர்ந்த தெருவையும் சொன்னாள். வாடகை தராத குடித்தனக்காரரைச் சொன்னபோது லிண்டா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எந்த மண் என்று கேட்டாள். கரிசலில் கழன்று நிற்கும் செருப்பைச் சொன்னாள். ஆட்டுக் கிடையையும் முத்திரை இல்லாத புழுக்கையையும் சொன்னாள். நான் ஒத்திகையில் சொன்ன ஒரு சொல்லும் விடுபடவில்லை. நான் எப்போதோ சொல்லி, அவள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தவைகூட அதில் இருந்தன. கடைசியில் பையைத் திருப்பி, நான் மடித்து வைத்திருந்த இடத்தை லிண்டாவின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது எப்போது சாகும் என்று இருக்கிறது. எப்போது பிறந்தது என்று இல்லை. என் அப்பாவுக்கு அதுதான் பெரிய கோபம்."

லிண்டா கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "எத்தனையோ வருடமாக இதை விற்கிறேன்," என்றார். "நான் தேடிப் பார்த்ததே இல்லை."

பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று கேட்டார். கண்ணில் குறும்பு இருந்தது. நான் கோப்பையை நீட்டினேன். வேறு வழி?

"இவியளும் லேசுப்பட்ட ஆளு இல்ல," என்றாள் கோமதி.

திங்கட்கிழமை மதியம் இசக்கி கிடங்குக்கே போன் செய்து சொன்னாள். ஷிப்ட் லீடர் வேலை கிடைத்துவிட்டது. சிகாகோத் தோழிக்கு இனிமேல்தான் சொல்ல வேண்டுமாம்.

6

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த வாரம், மகள் பொறுப்பேற்று நிற்பதைப் பார்க்க, முதல்முறையாக அந்தக் கடைக்குள் போனேன். கல்லாவுக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. அதில் அந்த மாதத்துக் காபி என்று நம்முடைய ஆர்கானிக் சரக்கின் பெயரைக் கலர் சாக்பீஸில் எழுதி, பூ வரைந்திருந்தார்கள். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ஆங்கிலத்தில்:

'வெரி குட்!' – இஸ்ஸியின் அப்பா, தென்னிந்தியா.

இரண்டு முறை படித்தேன். பத்து வருடமாக இந்த ஊர்ச் செய்தித்தாளுக்குத் தவறுகளைத் திருத்திக் கடிதம் எழுதுகிறேன். ஒன்றுகூட அச்சில் வந்ததில்லை. இந்த நாட்டில் ஊரறிய எழுதிவைக்கப்பட்ட என் ஒரே கருத்து இதுதான். ஆச்சரியக்குறி வேறு.

இசக்கி என்னைக் கண்டு கல்லாவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். கறுப்பு மேலங்கி போட்டிருந்தாள்.

"இதை யாரு எழுதுனது?"

"லிண்டா. கோவப்படாதீங்கப்பா. நீங்க சொன்னதுதான?"

"நீ சொன்னதெல்லாம் எங்க?"

"போர்டுல நெகட்டிவ்வா எழுதக் கூடாதுன்னு கம்பெனி ரூல். அதோட நீங்க சொன்னதை எல்லாம் எழுதணும்னா இந்தச் சுவரு காணாது."

"அழிக்கச் சொல்லு."

கல்லாவுக்குப் பின்னால் இரண்டு பையன்கள் வேலை செய்வது போல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள். அவள் பொறுப்புக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறது.

"அழிக்கணும்னா அழிச்சிருதேன்," என்றாள். "நெசமாத்தான் சொல்லுதேன்."

பேச்சு அப்படியே அவள் அம்மாவின் பேச்சு. நான் பலகையைப் பார்த்தேன். சொன்னது நான்தான். என் வீட்டில், என் வாயால், இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் சொன்னேன். பதிவில் சொல் தவறு இல்லை. தவறு வேறு இடத்தில் இருந்தது. அந்தக் காபிப் பையில் எங்கே இருந்ததோ அதே இடத்தில்.

"சாக்பீஸ் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தாள். கல்லாவுக்குப் பின்னால் போய், எழுதியதைத் தொடாமல், 'தென்னிந்தியா' என்பதற்குப் பக்கத்தில் அந்தச் சனிக்கிழமையின் தேதியை எழுதினேன். நாள், எழுத்தால் மாதம், வருடம்.

"எதுக்குப்பா தேதி?"

"என்னைக்குச் சொன்னேன்னு தெரியணும்லா. அன்னைக்கு மட்டும்தான் சொன்னேன்."

இசக்கி பலகையை ஒருமுறை படித்துப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கைத்துண்டால் சாக்பீஸ் தூளைத் துடைத்தாள்.

"சரி, வந்தது வந்தீங்க. என்ன குடிக்கீங்க?"

"தண்ணி குடு," என்றேன். "குழாய்த் தண்ணி போதும்."